கக்கன்: தும்பைப்பட்டியிலிருந்து உள்துறை வரை

பி. கக்கன் 1908 ஜூன் 18 அன்று மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் உள்ள தும்பைப்பட்டியில் பிறந்தார். பறையர் சமூகத்தைச் சேர்ந்த குடும்பம். தந்தை ஊர்க்கோயில் ஒன்றில் பூசாரி. அரசமைப்பு நிர்ணய சபை உறுப்பினர், முதல் மக்களவையின் உறுப்பினர், தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர், சென்னை மாநிலப் பொதுப்பணித் துறை அமைச்சர், வேளாண்மை அமைச்சர், கடைசியாக உள்துறை அமைச்சர் என 1946-க்கும் 1967-க்கும் இடையில் அவர் வகித்த பொறுப்புகள் பல. இன்று மதுரைப் பக்கம் அவர் பெயரை எடுத்தால் முதலில் வருவது எளிமை, நேர்மை என்ற பேச்சுதான். அந்தப் புகழ் உண்மையானது. ஆனால் பத்தாண்டுகள் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஓர் அரசியல்வாதி என்ன செய்தார், எந்தச் சூழலில் செய்தார், எதற்குப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது என்ற கேள்விகளை அந்தப் புகழே பின்னுக்குத் தள்ளிவிட்டது.

மேலூர் வட்டாரத்தின் வாழ்க்கை தண்ணீரைச் சுற்றி அமைந்தது. 1895-இல் பெரியாறு அணை முடிந்து, மேற்கே பாய்ந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வைகைப் படுகைக்குத் திருப்பப்பட்டது. பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய் அந்த நீரை மேலூர்வரை கொண்டுவந்தது. புஞ்சையாகக் கிடந்த மண்ணில் நெல் விளையத் தொடங்கியது. நிலம் பெரும்பாலும் ஆதிக்க சாதிகளின் கையில் இருந்தது. நாற்று நட்டவர்களும் கதிர் அறுத்தவர்களும் பெரும்பாலும் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள். ஊர்க் கிணற்றில் நீர் இறைக்கவும், கோயிலுக்குள் போகவும், தேநீர்க் கடையில் பிறரோடு சமமாக உட்காரவும் அவர்களுக்கு உரிமை கிடையாது. கக்கன் வளர்ந்தது இந்த மேலூரில்.

அவரைக் காங்கிரசுக்குள் கொண்டுவந்து சேர்த்ததில் பெரும்பங்கு மதுரை வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயருக்கு உண்டு. 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டவர் ஐயர். பின்னர் தமிழ்நாட்டு ஹரிஜன சேவா சங்கத்தின் தலைவராக இருந்தார். தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான விடுதிகள், பள்ளிகள், குடிநீர்க் கிணறுகள் என்று சங்கத்தின் வேலை மேலூர் வட்டாரக் கிராமங்களில் பரவியிருந்தது. அந்த வேலையின் வழியாகத்தான் கக்கன் பொதுவாழ்க்கைக்கு வந்தார். ஐயர் வீட்டில் அவர் ஒரு மகனைப் போலவே இருந்தார். 1955-இல் ஐயர் இறந்தபோது, பெற்ற பிள்ளைகளோடு கக்கனும் மொட்டையடித்து இறுதிச் சடங்கு செய்ததாக மதுரையில் இன்றும் சொல்வார்கள்.

கக்கனின் பெயர் முதன்முதலாக மாகாணம் முழுவதும் தெரிந்தது 1939 ஜூலை 8 அன்று. அன்று காலை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயரும் எல். என். கோபாலசாமியும் ஒரு சிறு குழுவை அழைத்துச் சென்றார்கள். குழுவில் கக்கன், முருகானந்தம், சின்னையா, பூவலிங்கம், முத்து ஆகிய தாழ்த்தப்பட்டோர் ஐவரும், விருதுநகரைச் சேர்ந்த சண்முக நாடாரும் இருந்தனர். நாடார்களுக்கும் அதுவரை அந்தக் கோயிலில் நுழைவு மறுக்கப்பட்டிருந்தது. கோயில் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்று உள்ளே அழைத்துச் சென்றார். முன்கூட்டியே அறிவித்திருந்தால் வாசலில் கூட்டம் திரண்டு தடுத்திருக்கும் என்பதால், ஏற்பாடு அமைதியாகவே செய்யப்பட்டிருந்தது. வந்தவர்கள் அம்மனை வணங்கிவிட்டுத் திரும்பினார்கள்.

விளைவு அமைதியாக இல்லை. கோயில் தீட்டுப்பட்டுவிட்டது, சுத்தி செய்யாமல் பூசை நடத்த மாட்டோம் என்று பட்டர்களில் ஒரு பகுதியினர் சன்னதியைப் பூட்டிவிட்டுப் போனார்கள். நிர்வாகம் பூட்டைத் திறந்து வேறு பட்டர்களைக் கொண்டு பூசையைத் தொடர்ந்தது. எதிர்த்தவர்கள் தமிழ்ச் சங்கம் சாலையில் நடேச ஐயர் என்பவரின் வீட்டில் தனியாக ஒரு மீனாட்சியை வைத்து வழிபடத் தொடங்கினார்கள். சில ஆண்டுகள் அது நடந்தது. கோயில் நுழைவை நடத்தியவர்கள்மீது வழக்குத் தொடரும் முயற்சி எழுந்தபோது, ராஜாஜி அமைச்சரவை முதலில் அவசரச் சட்டத்தையும், பின் கோயில் நுழைவு அதிகாரமளிப்பு மற்றும் பாதுகாப்புச் சட்டத்தையும் கொண்டுவந்தது. திருவிதாங்கூர் மன்னரின் 1936 கோயில் நுழைவுப் பிரகடனம் அரண்மனையிலிருந்து வந்தது. மதுரையில் ஆட்கள் முதலில் கோயிலுக்குள் போனார்கள், சட்டம் பிறகு வந்தது. அந்த ஆட்களில் கக்கன் ஒருவர் என்பது அவருடைய பிற்கால அரசியலுக்கெல்லாம் அடிப்படையாக அமைந்தது. 1934-இல் தாழ்த்தப்பட்டோருக்கு அனுமதியில்லாத கோயிலுக்குள் வரமாட்டேன் என்று வாசலோடு நின்ற காந்தி, 1946 பிப்ரவரியில் மீண்டும் மதுரைக்கு வந்தபோதுதான் மீனாட்சியை வணங்க உள்ளே சென்றார்.

1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கக்கன் கைதாகிச் சிறை சென்றார். மேலூர்க் காவல் நிலையத்தில் வைத்து, உடன் இருந்தவர்களின் பெயரைச் சொல்லும்படி அவரைக் கடுமையாக அடித்ததாகவும், அவர் ஒரு பெயரும் சொல்லவில்லை என்றும் அந்த வட்டாரத்தில் வழங்கும் செய்தி உண்டு. இருபத்தொரு ஆண்டுகள் கழித்து இந்த மாநிலத்தின் காவல் நிலையங்கள் அனைத்தும் அவருடைய துறையின் கீழ் வந்தன.

சிறையிலிருந்து வந்தபின் கக்கனின் வாழ்க்கை தேர்தல் அரசியலுக்கு மாறியது. 1946-இல் தொடங்கிய அரசமைப்பு நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் உறுப்பினர்களுள் ஒருவராக அவர் இருந்தார். அதே சபையில் சென்னையிலிருந்து சென்ற தாழ்த்தப்பட்ட சமூகத்தினரில் வி. ஐ. முனுசாமி பிள்ளையும் தாட்சாயணி வேலாயுதனும் குறிப்பிடத்தக்கவர்கள். தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆவது பிரிவு 1948 நவம்பர் 29 அன்று அந்தச் சபையில் நிறைவேறியது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கோயில் வாசலைத் தாண்டியதற்காகச் சட்டப் பாதுகாப்புத் தேவைப்பட்ட மனிதர், தீண்டாமையையே குற்றமாக்கும் அரசமைப்பை உருவாக்கிய அவையில் இடம்பெற்றிருந்தார்.

1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் மதுரை இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தது. அந்த முறை இன்று மறந்துபோனதால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. தாழ்த்தப்பட்டோர் கணிசமாக வாழும் பெரிய தொகுதிகளுக்கு இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒன்று பொது, மற்றது தனி. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு உண்டு, ஆனால் இரண்டையும் ஒரே வேட்பாளருக்குப் போட முடியாது. எண்ணும்போது முதலில் தாழ்த்தப்பட்ட வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவருக்குத் தனி இடம் கொடுக்கப்படும். மீதமுள்ள எல்லா வேட்பாளர்களிலும் அதிக வாக்கு பெற்றவருக்குப் பொது இடம். மதுரையிலிருந்து கக்கனும் எஸ். பாலசுப்பிரமணியமும் அப்படித்தான் மக்களவைக்குப் போனார்கள்.

இந்த ஏற்பாட்டில் தனி வேட்பாளர் ஒருவர் தொகுதி முழுக்க எல்லாச் சாதியாரிடமும் வாக்குக் கேட்டாக வேண்டும். தம் சமூகத்தின் வாக்கு மட்டும் போதாது. தொகுதி பெரியது, செலவு அதிகம். பொது வேட்பாளரோடும் கட்சியோடும் ஒட்டியே நிற்க வேண்டும். 1932 பூனா ஒப்பந்தத்தின்போது அம்பேத்கர் கவலைப்பட்டது இதைத்தான்: பிற சாதியாரின் வாக்கில் வெல்பவர் தம் மக்களுக்காக எவ்வளவு தூரம் குரல் கொடுக்க முடியும்? கக்கனின் அரசியல் நடையைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி உதவும். அவர் மோதல் போக்கில் போகாதவர், கட்சி முடிவுக்குக் கட்டுப்பட்டவர். அது அவருடைய இயல்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அன்றைய தேர்தல் முறையும் அவரைப் போன்றவர்களை அந்த வழியில்தான் செலுத்தியது. ஆந்திரத்தின் பார்வதிபுரத்தில் 1957-இல் வி. வி. கிரி பொது இடத்தையும் ஒரு பழங்குடி வேட்பாளரிடம் இழந்து, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அதன்பின் 1961-இல் இரட்டை உறுப்பினர் முறையே சட்டத்தால் நீக்கப்பட்டது.

கக்கன் மக்களவையில் இருந்த காலத்தில்தான் 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் நிறைவேறியது. 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் கட்சித் தலைமைக்கு வேறு ஆள் தேவைப்பட்டது. கக்கன் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவரானார். கட்சியின் மீது காமராஜரின் பிடி அப்போது முழுமையானது. அவருடைய நம்பிக்கைக்கு உரியவர் என்பதால்தான் அந்தப் பொறுப்பு கக்கனுக்கு வந்தது. அதே சமயம், தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் தலைமையில் மாவட்டப் பெரும்புள்ளிகள் உட்கார்ந்து கட்சி வேலை பார்க்க வேண்டியிருந்தது என்பதும் அந்தக் காலத்துக்குச் சிறிய மாற்றம் அல்ல.

1957 ஏப்ரல் 13 அன்று அமைந்த காமராஜரின் இரண்டாவது அமைச்சரவை எட்டே பேர் கொண்டது: காமராஜர், எம். பக்தவத்சலம், சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், எம். ஏ. மாணிக்கவேலு, பி. கக்கன், வி. ராமையா, லூர்தம்மாள் சைமன். இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்த மேலூரில் வென்று வந்த கக்கனுக்கு, மின்சாரம் நீங்கலான பொதுப்பணித் துறையும் ஹரிஜன நலத்துறையும் கிடைத்தன. தாழ்த்தப்பட்ட சமூகத்து அமைச்சருக்கு அந்தச் சமூக நலத்துறையை மட்டும் கொடுத்து நிறுத்திவிடும் வழக்கம் பல மாநிலங்களில் உண்டு. பணமும் ஒப்பந்தமும் புழங்கும் பொதுப்பணித் துறையைக் காமராஜர் கக்கனிடம் கொடுத்தது அந்த வழக்கத்துக்கு மாறானது.

அணைகள் ஒவ்வொன்றாக எழுந்த காலம் அது. 1958-இல் சாத்தனூர், கிருஷ்ணகிரி, மணிமுத்தாறு. 1959 ஜனவரி 21 அன்று ஆண்டிப்பட்டிக்கு அருகே வைகை அணை திறக்கப்பட்டது. அணையின் உயரம் 111 அடி. தேக்கும் நீர்மட்டம் 71 அடி. சோழவந்தான், சமயநல்லூர் தாண்டி, விளாங்குடியின் தென்புறமாக மதுரைக்குள் நுழையும் வைகை, மழைக்காலத்தில் பெருகி மற்ற நாட்களில் வறண்டு கிடந்த ஆறு. பெரியாற்றிலிருந்து வரும் நீரையும் வைகையின் சொந்த நீரையும் ஒரே இடத்தில் தேக்கி, தேவைக்கேற்பப் பேரணைக்குத் திறந்துவிட இந்த அணை வழிசெய்தது. கால்வாயின் கடைமடைப் பகுதியான மேலூருக்கு முறை வைத்துத் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை அதன்பிறகுதான் பிறந்தது. அந்தத் தண்ணீரில் கூலிவேலை செய்த மக்களிடையிலிருந்து வந்தவர் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்தபோது அது நடந்தது. அணைத் திட்டத்தை அவர் ஒருவரின் சாதனையாகச் சொல்வது சரியாகாது. திட்டம் அவருக்கு முன்பே தொடங்கியது, பொறியாளர்களும் நிதியமைச்சரும் முதலமைச்சரும் சேர்ந்து நடத்தியது. பணிகளை முடித்துக் கொடுத்ததும், அத்தனை ஒப்பந்தங்கள் கைமாறிய துறையில் தம் மீது ஒரு குற்றச்சாட்டும் எழாமல் வெளியே வந்ததும் கக்கனின் பங்கு.

ஹரிஜன நலத்துறை அவரிடம் வந்த சில மாதங்களிலேயே முதுகுளத்தூர் கலவரம் வெடித்தது. 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் தாழ்த்தப்பட்டோர் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொலை செய்யப்பட்டார். தொடர்ந்து கீழத்தூவலில் போலீஸ் துப்பாக்கிச்சூடு, ஊர்கள் எரிந்தது, உயிரிழப்புகள். காவல்துறை அப்போது பக்தவத்சலத்தின் பொறுப்பில் இருந்தது. ஆயினும் கோயில் நுழைவும் சட்டமும் இருப்பதாலேயே கிராமத்தில் சமத்துவம் வந்துவிடாது என்பதைத் தென்மாவட்டங்கள் அந்த ஆண்டு கண்கூடாகக் காட்டின. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தலைவர் என்ற வகையில் இம்மானுவேல் சேகரன் நேரடியாக எதிர்த்து நின்ற வழியும், கக்கன் கட்சிக்குள் இருந்து அரசாங்கத்தின் வழியாகச் செயல்பட்ட வழியும் வேறு வேறு. இரண்டுமே காங்கிரசின் நிழலில் தொடங்கியவை என்பது கவனிக்கத்தக்கது.

1962 மார்ச்சில் கக்கன் வேளாண்மை அமைச்சரானார். மதுரையில் வேளாண்மைக் கல்லூரி 1965-இல் தொடங்கியது. யானைமலை ஒத்தக்கடையில், மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில் அது இருக்கிறது. அந்த வட்டாரத்தில் அதைக் கக்கனின் முயற்சியோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். 1963 அக்டோபரில் காமராஜர் தம்முடைய திட்டப்படி பதவி விலகிக் கட்சிப் பணிக்குப் போனார். பக்தவத்சலம் முதலமைச்சர், 1963 அக்டோபர் 3 முதல் உள்துறை கக்கனிடம். 1964-இல் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் உருவானதும் இந்தக் காலத்தில்தான்.

கக்கனின் பொதுவாழ்க்கையில் மிகக் கடினமான பகுதி உள்துறைக் காலமே. 1964 ஜனவரி 25 அன்று திருச்சியில் சின்னசாமி இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்தார். 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகும் என்ற நிலை நெருங்கியபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர் ஊர்வலத்துக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் இடையே ஏற்பட்ட மோதல் கலவரமாக மாறி, மாநிலம் முழுவதும் பற்றியது. உள்துறை அமைச்சரின் சொந்த மாவட்டத்தில்தான் அது தொடங்கியது. அடுத்த இரண்டு மாதங்களில் பல ஊர்களில் துப்பாக்கிச்சூடு நடந்தது. அரசுக் கணக்கே சுமார் 70 பேர் இறந்ததாகச் சொல்கிறது, மற்றவர்கள் அதைவிடக் கூடுதலாகச் சொல்வார்கள். பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். மாநில அமைச்சரவை அப்படி எதுவும் செய்யவில்லை. போராட்டத்தை அடக்கும் முடிவுகளில் முதலமைச்சர் பக்தவத்சலத்தின் கை மேலோங்கியிருந்தது உண்மை. அதற்காகக் காவல்துறையை வைத்திருந்த அமைச்சரின் பொறுப்பு இல்லாமல் போய்விடாது. கக்கனைப் போற்றும் நூல்களும் மேடைகளும் இந்த இரண்டு மாதங்களை விரைவாகக் கடந்துபோய்விடுகின்றன. அவரை ஓர் அரசியல்வாதியாக மதிப்பிட வேண்டுமானால் அணைக்கட்டையும் துப்பாக்கிச்சூட்டையும் ஒரே கணக்கில்தான் எழுத வேண்டும்.

விடுதலையை ஒட்டி ஆட்சிக்கு வந்த தலைமுறை உலகின் பிற பகுதிகளிலும் இதே கேள்விகளை எதிர்கொண்டது. கக்கன் அமைச்சராவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1957 மார்ச் 6 அன்று, மேற்கு ஆப்பிரிக்காவின் கானா விடுதலை பெற்றது. அதன் தலைவர் குவாமே நுக்ருமாவும் அணைக்கட்டையே நாட்டின் எதிர்காலமாகக் கருதினார். வோல்டா ஆற்றின் அகோசோம்போ அணை 1966 ஜனவரியில் திறக்கப்பட்டது; அடுத்த மாதமே, அவர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நுக்ருமா நாடு திரும்பாமலே 1972-இல் இறந்தார். ஐவரி கோஸ்டின் பெலிக்ஸ் உஃபூவே புவானி 1946-இல் பிரெஞ்சு அரசமைப்பு அவையில் கட்டாய உழைப்பை ஒழிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்து புகழ்பெற்றவர். 1960-இல் அதிபரானவர் 1993-இல் சாகும்வரை பதவியை விடவில்லை. மாலியின் மொதிபோ கெய்த்தா 1968-இல் கவிழ்க்கப்பட்டு 1977-இல் காவலில் இறந்தார். அடித்தளத்திலிருந்து மக்களைத் திரட்டி வந்த தலைவர்களை அங்கே துப்பாக்கியோ ஆயுட்காலப் பதவியோதான் முடித்துவைத்தது. சென்னை மாநிலத்தில் அந்த வேலையை வாக்குச்சீட்டு செய்தது.

1967 தேர்தலில் அரிசித் தட்டுப்பாடும் மொழிப் போராட்டத்தின் கோபமும் காங்கிரசைச் சாய்த்தன. தி.மு.க. 137 இடங்களில் வென்றது. காமராஜர் விருதுநகரிலும், பக்தவத்சலம் திருப்பெரும்புதூரிலும், கக்கன் மேலூர் தெற்கிலும் தோற்றார்கள். கக்கனை வென்றவர் தி.மு.க.வின் ஓ. பி. இராமன். தோல்விக்குப் பிறகு கக்கன் மெல்ல மெல்லப் பொதுவாழ்க்கையை விட்டு விலகினார்.

அவரிடம் சேமிப்பு இல்லை. பத்தாண்டுகள் அமைச்சராக இருந்தவர் வாடகை வீட்டில் இருந்தார், நகரப் பேருந்தில் போனார். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது மதுரை அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற அரசியல் பிரமுகர் மதுரை முத்துவைப் பார்க்க வந்தார். அங்கே பொது வார்டில் கக்கன் கிடப்பதை அப்போதுதான் அறிந்தார். அரசு அவருக்கு மாத உதவித்தொகையும் இலவசப் பேருந்துப் பயணமும் மருத்துவ வசதியும் வழங்கியது. இந்த நிகழ்ச்சி தமிழ்நாட்டு மேடைகளில் இன்றுவரை சொல்லப்படுகிறது. சொல்பவர்கள் பெரும்பாலும் கக்கனின் நேர்மையைப் பாராட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பதவியில் பணம் சேர்க்காத ஒரு முன்னாள் அமைச்சர், உறவு வழியிலோ சாதி வழியிலோ சொத்து ஆதரவு இல்லாதவர், கட்சி தோற்றபின் வாழ வழியில்லாமல் போனார் என்பதும் அதே நிகழ்ச்சியில் இருக்கிறது. நிலமும் தொழிலும் உள்ள குடும்பங்களிலிருந்து வந்த அமைச்சர்களுக்குத் தோல்வி அந்த அளவு பாதிப்பைத் தரவில்லை. கக்கனின் வறுமைக்கு அவருடைய குணம் ஒரு காரணம். அவர் பிறந்த சமூகத்தின் கையில் நிலம் இல்லை என்பது இன்னொரு காரணம்.

கக்கன் 1981 டிசம்பர் 23 அன்று காலமானார். 1999-இல் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. தும்பைப்பட்டியில் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் கட்டியிருக்கிறது.